மோனிசமும் அத்துவிதமும்

அத்துவிதம் என்னுஞ் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்ப்போர் பலர் 'மோனிசம்' என்று எழுதி வருகின்றனர். குரங்கணியிலும் போடிநாயக்கனூரிலும் சித்தாந்த நூல் பாடங் கேட்கும் ஆங்கிலங் கற்ற இளைஞர் சிலர், "நம் கொள்கை மோனிசமா, டுவலிசமா?" என வினாவுகின்றனர். வினா சிறிதாயினும் விடை பிழைப்பின் விளையுங் கேடு பெரிது. சொல் பிழைப்பின் பொருள் பிழைக்கும்; பொருள் பிழைப்பின் வழிபாடும் பயனற்றதாய் முடியும். ஆதலின் அதனை ஈண்டு ஆராய்வாம்.

மோனிசம், 'தனி' எனப் பொருள்படும் 'மோனோஸ்' என்னுங் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. அதனை வழக்கிற் கொணர்ந்தவர் செருமானிய தத்துவ அறிஞராகிய கிறித்தியன் வோல்ப் (1679–1754) என்பார். உள்பொருள் ஒரு வகையே என்பாரை அவர் அப்பெயராற் குறித்தார். அவ்வொன்று சடமென்பாரும் சித்தென்பாரும் அதனுள் அடங்குவர். 1906-இல் யேனா நகரில் எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்னும் உயிர்நூலார் மோனிசச் சங்கம் ஒன்று நிறுவினார். உலகின் வேறாய இறைவனை அவர் உடன்பட்டிலர். எனவே உலகாயதனையும் ஏகான்மவாதியையும் ஒருங்கே தழுவும் அச்சொல் நம் கொள்கைக்குப் பெயராதல் யாங்ஙனம்?

இனி, அத்துவிதம் என்பதன் முன்னின்ற எதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என முப்பொருள் தரும். 'அரூபம்' என்பது உருவமின்மை. 'அதர்மம்' என்பது தருமத்தின் மறுதலை. 'அநேகம்' என்பது ஒன்றன்மை. அநேகம் என்றவழி ஒன்றுமில்லை என்று பொருள் கொள்வார் யாருமிலர். பல என்றே கொள்வர். இன்மைப் பொருள் கொண்டோர் 'இரண்டில்லை' என்றனர். மெய்கண்டாரோ அன்மைப் பொருள் கொண்டு 'இரண்டன்று' என்று தெளிவித்தார். இதனைச் சிவஞான முனிவர் தம் மாபாடியத்தின்கண் விரித்தருளினார்.

"இரண்டன்றாயின் ஒன்றேயாதல் வேண்டுமே" எனின், அற்றன்று. ஒன்றென்பதே கருத்தாயின் ஏகம் என்னுஞ் சொல்லே அமையும். அன்றியும், ஒன்றே உளதாயின் அதனை ஒன்றென்று அறிவார் யார்? அறிவான் ஒருவனும் அறியப்படும் பொருளும் வேண்டுமன்றே. ஆதலின் இறைவன் கலப்பினால் உயிரோடு ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், உயிர்க்குயிராய் நின்று செலுத்துதலால் உடனாயும் நிற்பன் என்பதே துணிபு.

ஏலமலைச் சரிவில் வாழ்வார்க்கு இதற்கு உவமை எளிது. களத்திற் குவித்த ஏலக்காயையும் அதன் மணத்தையும் இருவேறு குவியலாக்குவார் இலர். எனினும் காயென்பதும் மணமென்பதும் ஒருபொருட் சொற்கள் ஆகா. இவ்வுவமை ஒருபுடை ஒப்பே. மணம் காயின் குணம். உயிரோ இறைவனது குணமன்று, தனிப்பொருளேயாம்.

டுவலிசம் என்னின் பொருந்துமோ எனின், அதுவும் பொருந்தாது. ஒன்றையொன்று சாராது நிற்கும் இருமுதல்களையே அச்சொல் உணர்த்தும். நன்மைக்கொரு முதலும் தீமைக்கொரு முதலுங் கூறிய பழம் பாரசீகர் கொள்கைக்கு அது வழங்கப்பட்டமையே சான்று. உயிர் என்றும் இறைவனைச் சார்ந்தன்றி நில்லாது.

1895-இல் சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்ட ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் (1864–1920), அத்துவிதம் ஒருமையைக் குறியாது என வற்புறுத்தினார்கள். பிற்காலத்தில் ஹவாய்த் தீவில் மடம் அமைத்த சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் (1927–2001), திருமூலர் கொள்கையை மோனிசம் என்றும், மெய்கண்டார் கொள்கையைப் பன்மைவாதம் என்றும் பிரித்துரைத்தனர். உள்பொருளை எண்ணுதலே அப்பிரிவிற்கு அடிப்படை. அத்துவிதமோ எண்ணைக் கூறுஞ் சொல்லன்று. தொடர்பைக் கூறுஞ் சொல். பொருள் எத்தனை என்னும் வினாவிற்குப் பதி, பசு, பாசம் மூன்றென்பது விடை. அவை எங்ஙனம் இயைந்துள என்னும் வினாவிற்கே அத்துவிதம் விடையாம்.

ஆதலின் ஆங்கிலத்தில் எழுதும் அன்பர்கள், யோகம், கருமம் என்பவற்றை அம்மொழியார் பெயர்க்காது வழங்குதல்போல, அத்துவிதம் என்பதனையும் அவ்வாறே வழங்குக. பெயர்த்தே தீரவேண்டின் 'நான்-டுவலிசம்' என்க. அதனினும் எதிர்மறை அன்மைப்பொருட்டு என்று ஒரு வரி விளக்கஞ் சேர்க்க. வணங்குவானும் வணங்கப்படுவானும் ஒருவனே எனின், வணக்கம் என்பதற்கு இடமின்றாம். இருவரும் தம்முட் சேய்மைப்பட்டார் எனின், அருள் வந்தெய்துதற்கு வழியின்றாம். இவ்விரு தடையும் நீக்கி வழிபாட்டிற்கும் வீடுபேற்றிற்கும் இடந்தருவது அத்துவிதம் என்னும் அவ்வொரு சொல்லே.