நட்சத்திரத்தை எண்ணி மேசை பிடிக்கலாமா?

பெற்றோரின் மணநாள், மகள் பட்டம் வாங்கியது, ஓய்வு பெறும் நாள் என ஏதோ ஒன்றை முன்னிட்டுப் பாரிஸில் ஒரு பெரிய விருந்து சாப்பிடலாம் என்று முடிவானதும் பலர் முதலில் தேடுவது மிஷ்லான் கையேட்டை. மூன்று நட்சத்திர உணவகத்தில் இடம் உண்டா? இல்லையென்றால் இரண்டு. அதுவும் கிடைக்காவிட்டால் ஒன்று. கட்-ஆஃப் பார்த்துக் கல்லூரி பிடிப்பது போன்ற வழிமுறை இது. நல்ல சாப்பாடு கிடைக்க இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் விசேஷ விருந்துக்கான இடத்தை இப்படித் தேர்ந்தெடுத்தால், யாருக்காக விருந்து என்ற கேள்வி கடைசியில் போய் நிற்கிறது. அதுதான் முதலில் வரவேண்டிய கேள்வி.

மிஷ்லான் ஒரு டயர் நிறுவனம். கார் வைத்திருப்பவர்கள் ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும். அதற்காக 1900இல் இலவசமாக வெளியிட்ட கைப்புத்தகம்தான் இந்தக் கையேடு. 1926இல் நட்சத்திரம் வந்தது, 1930களின் தொடக்கத்தில் மூன்று படிகளாகப் பிரிந்தது. ஒன்று என்றால் தன் வகையில் சிறந்த கடை. இரண்டு என்றால் போகிற வழியிலிருந்து விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் புறப்படலாம். காரோட்டிக்குச் சொன்ன யோசனை இது. பொருள்களின் தரம், சமைக்கும் நேர்த்தி, சுவைகளின் பொருத்தம், சமையல்காரரின் தனித்தன்மை, என்றைக்குப் போனாலும் ஒரே தரம் என்ற ஐந்தை மட்டுமே நட்சத்திரத்துக்குக் கணக்கில் எடுப்பதாகக் கையேடே சொல்கிறது. அறையின் அழகும் பரிமாறுபவரின் பாங்கும் அந்தக் கணக்கில் இல்லை. மேசையில் எழுபது வயதுத் தாயார் மூன்று மணி நேரம் வசதியாக உட்கார முடியுமா, பக்கத்து மேசைக்குக் கேட்காமல் பேச முடியுமா என்பதெல்லாம் கையேட்டுக்காகச் சாப்பிட்டுப் பார்க்கும் சோதனையாளரின் வேலையே அல்ல.

பிரெஞ்சுக்காரர்கள் விருந்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு வேறொரு சான்று இருக்கிறது. 2010இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ‘பிரெஞ்சுக்காரர்களின் விருந்து’ என்பதைச் சேர்த்தது. எந்த உணவகத்தையும், எந்தப் பண்டத்தையும் அது சேர்க்கவில்லை. பிறப்பு, திருமணம், பிறந்தநாள் போன்ற நாள்களில் மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து, தொடக்கப் பானத்தில் ஆரம்பித்து, முன்னுணவு, காய்கறியோடு மீனோ இறைச்சியோ, சீஸ், இனிப்பு என்று குறைந்தது நான்கு சுற்று சாப்பிடும் வழக்கத்தையே மரபு என்று ஏற்றது. அந்த விவரிப்பில் சமையல்காரரின் புகழுக்கு இடமில்லை. கூடி உட்காருவதுதான் முதலில் வருகிறது.

பாரிஸின் இரண்டு உணவகங்களை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். ரோதான் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் இருக்கும் லார்பேஜ், 1996இல் மூன்றாவது நட்சத்திரம் பெற்றது. அதன் உரிமையாளர் அலேன் பசார் 2001இல் மாட்டிறைச்சி போன்ற செவ்விறைச்சிகளை மெனுவிலிருந்து எடுத்துவிட்டார். பிரெஞ்சு உயர்தரச் சமையலில் அன்றைக்கு அது கிட்டத்தட்ட மதமாற்றம். நட்சத்திரம் போய்விடும் என்றார்கள், போகவில்லை. சொந்தத் தோட்டங்களிலிருந்து வரும் காய்கறியே அங்கே நாயகன். 2025இல் தேன் தவிர மற்ற எல்லாம் தாவர உணவே என்ற நிலைக்கும் வந்துவிட்டார். சேன் நதிக்கரையில் மேல்தளத்தில் இருக்கும் லா தூர் தார்ழானின் கதை நேர் எதிர். மூன்றாக இருந்த நட்சத்திரம் 1996இல் இரண்டாகவும் 2006இல் ஒன்றாகவும் இறங்கியது. ஆனால் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நோத்ர்தாம் தேவாலயம். கீழே நிலவறையில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஒயின் புட்டிகள். அங்கே பெயர்போனது வாத்து. அதன் எலும்புக்கூட்டை வெள்ளிக் கருவியில் நசுக்கி, வடியும் சாற்றிலும் ரத்தத்திலும் சாஸ் காய்ச்சுவார்கள். 1890 முதல் ஒவ்வொரு வாத்துக்கும் வரிசை எண் உண்டு; எண் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. எண்ணை எழுதிய அட்டையையும் கையில் தருவார்கள். நட்சத்திரக் கணக்கில் மூன்றுக்கு ஒன்று. ஆனால் பாரிஸை முதன்முறை பார்க்கும் பெற்றோருக்கு, அவர்கள் அசைவம் என்றால், இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். சைவக் குடும்பம் என்றாலோ, சமையலில் ஈடுபாடுள்ள ஒருவருக்கான விருந்து என்றாலோ, லார்பேஜைத் தயங்காமல் சொல்லலாம். அதற்குக் காரணமும் மூன்று நட்சத்திரம் அல்ல.

நட்சத்திரத்தை விட்டால் எதை நம்புவது என்று கேட்பது நியாயம். மிஷ்லான் சோதனையாளர் பெயர் சொல்லாமல் வந்து, சாப்பிட்டுக் காசு கொடுத்துப் போகிறவர். யார் எழுதியது என்றே தெரியாத இணைய மதிப்பெண்களைவிட அவர் சொல் உறுதியானது. எனவே ஒரு நட்சத்திரம் இருந்தால் சமையலில் குறை வராது என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேலே இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளியை, ஆயுளில் ஓரிரு முறை அங்கே போகிறவரின் நாக்கு உணருமா என்பதில் எனக்குச் சந்தேகம். நட்சத்திரம் நிலையானதும் அல்ல. லியோனுக்கு அருகே சமையல்காரர் போல் போக்கூஸின் உணவகம் 1965 முதல் மூன்று நட்சத்திரம் வைத்திருந்து, அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 2020இல் ஒன்றை இழந்தது. லகியோல் ஊரின் சமையல்காரர் செபாஸ்தியன் ப்ரா, மூன்று நட்சத்திரச் சுமை வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று 2017இல் கேட்டுக்கொண்டார். எடுத்தார்கள், 2019இல் இரண்டு நட்சத்திரத்தோடு அவர்களே திரும்பச் சேர்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் நட்சத்திரம் இல்லாத அந்த அடுப்பில் சமையல் மட்டமாகிவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

ஆயுளில் ஒருமுறை போகிறோம், உச்சத்துக்கே போனால் என்ன என்பது இன்னொரு மறுப்பு. போகலாம், ஆனால் மூன்று நட்சத்திர இரவு விருந்து ஒருவருக்கு 400 யூரோவைத் தாண்டுவது சாதாரணம், ஒயின் தனி. ஒவ்வொரு தட்டு வரும்போதும் மனதுக்குள் ரூபாய்க்கு மாற்றிப் பார்க்கும் மாமனாரை அழைத்துப்போய் என்ன பயன்? இத்தகைய உணவகங்களில் பலவற்றில் மதியத்துக்குத் தனி மெனு உண்டு. அதே சமையலறை, அதே கைகள், விலை கணிசமாகக் குறைவு, வெளிச்சமும் இருக்கும். விலைப்பட்டியலை வாசலில் ஒட்டவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். பரிமாறும் கட்டணம் அந்த விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசம். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

இடம் பதியும்போதே என்ன நாள், யாருக்காக, யார் எதைச் சாப்பிடமாட்டார் என்று எழுதிவிடுங்கள். முட்டை, மீன் சாறு, ஜெலட்டின் எதுவும் கூடாது என்பதைத் தனித்தனியாகச் சொல்வது நல்லது, ஏனென்றால் ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். சனி, ஞாயிறில் பல பெரிய உணவகங்கள் திறப்பதில்லை; ஆகஸ்டில் வாரக்கணக்கில் மூடுகிற இடங்களும் பாரிஸில் நிறைய உண்டு. விமான டிக்கெட் எடுக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.