கெண்டைக்கால் பிடிப்பும் பொட்டாசியம் மாத்திரையும்

நள்ளிரவில் கெண்டைக்கால் சதை திடீரென முறுக்கிக்கொண்டு உறக்கத்தைக் கலைப்பதற்குப் பொட்டாசியம் குறைவதுதான் காரணமா? நரம்பின் கட்டளை தசையை எட்டுவதற்கும் இதயத்தின் துடிப்பு சீராக இருப்பதற்கும் இன்றியமையாத தாது உப்பாகிய பொட்டாசியம் மிகவும் குறைந்தால், தசைகள் சோர்ந்து பிடித்துக்கொள்வது உண்மையே என்றாலும், இரவில் வரும் பிடிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது காரணமாக இருப்பதில்லை. ஆகவே, இரத்தப் பரிசோதனை செய்யாமல், மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கிப் பொட்டாசியம் மாத்திரையை உட்கொள்வது தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தானதும் ஆகும். மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்றும் முதன்மைப் பணி சிறுநீரகத்துடையது என்பதால், அது பழுதுபட்டவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்காக எனலாப்ரில், லோசார்டன் போன்ற, பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கும், இரத்தத்தில் அதன் அளவு வெளியே தெரியாமலே ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். சோடியம் குறைந்தது என விற்கப்படும் மாற்று உப்பில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பதையும் இவர்கள் கவனிக்க வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையாயின், சிறிது சிறிதாகக் கரையும்படி செய்யப்பட்ட அதனை மெல்லாமலும் பொடிக்காமலும், உணவுக்குப் பின் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு தம்ளர் நிறைய நீருடன் விழுங்க வேண்டும். தொண்டைக்குக் கீழே தங்கிவிட்டால் அது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். பிடிப்பு வந்த நொடியிலோ, முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, பாதத்தின் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடித்தால், முறுக்கிய சதை நீண்டு வலி மெல்ல அடங்கும்.