டேட்டா வேண்டாம், அமைப்பு மட்டும் வேணும்: பிஜி_ரீஸ்டோர் கட்டளையைப் புரிஞ்சுக்கலாம்

ப்ராஜெக்ட் ரிவ்யூ நெருங்கும்போது எல்லா டீமிலும் வரும் ஒரு தலைவலி இது. நாலு பேர், நாலு லேப்டாப், நாலு விதமான டேட்டாபேஸ். ஒருத்தர் புதுசா ஒரு நெடுவரிசை சேர்த்திருப்பார், இன்னொருத்தர் ஒரு டேபிளையே தூக்கியிருப்பார். சரியா ஓடுற சர்வரில் இருந்து எடுத்த பேக்கப் ஃபைல் கையில் இருக்கு. ஆனா உங்க லேப்டாப்பில் இருக்கும் டேட்டா போகக் கூடாது, டேபிள்களின் அமைப்பு மட்டும் வேணும். இதை எப்படிச் செய்வது?

இந்த 'அமைப்பு'க்குப் பேர்தான் மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய தரவு. என்னென்ன டேபிள், எந்த நெடுவரிசைக்கு என்ன டைப், எது ப்ரைமரி கீ, எது ஃபாரின் கீ, இண்டெக்ஸ், வியூ, ஃபங்ஷன், ட்ரிக்கர், யாருக்கு என்ன அனுமதி: எல்லாம் இதில் அடங்கும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை வைத்தே பார்க்கலாம். கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்க.

முதலில் பேக்கப் எடுக்கும் விதம்

சிம்போசியம் பதிவுக்கு ஒரு டேட்டாபேஸ் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். அதில் மாணவர், நிகழ்ச்சி, பதிவு என்று மூன்று டேபிள்கள்.

பிஜி_டம்ப் --ஃபார்மேட்=கஸ்டம் --ஃபைல்=சிம்போ.டம்ப் சிம்போ_டிபி

ஃபார்மேட் எதுவும் சொல்லாமல் விட்டால் சாதாரண எஸ்கியூஎல் ஸ்கிரிப்ட்தான் கிடைக்கும். அதை பிஎஸ்கியூஎல் மூலம் மேலிருந்து கீழ்வரை ஓட்டலாம், அவ்வளவுதான்; பிஜி_ரீஸ்டோர் அதைத் தொடவே தொடாது. கஸ்டம், டைரக்டரி, டார் ஆகிய மூன்று வடிவங்களில் எடுத்தால்தான் வேணும்கிறதை மட்டும் பிரித்தெடுக்க முடியும். அதனால் ரீஸ்டோர் செய்யும் நாளில் உங்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருக்கும் என்பது பேக்கப் எடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

உள்ளே என்ன இருக்கு?

எதையும் ரீஸ்டோர் செய்வதற்கு முன்னால் இதைத் தட்டிப் பாருங்க:

பிஜி_ரீஸ்டோர் --லிஸ்ட் சிம்போ.டம்ப்

புத்தகத்தின் பொருளடக்கம் மாதிரி ஒரு பட்டியல் வரும். இது டேட்டாபேஸைத் தொடாது, பயமில்லாமல் ஓட்டலாம். பட்டியலை ஒரு ஃபைலில் சேமித்து, வேண்டாத வரிகளின் முன்னால் அரைப்புள்ளி (;) போட்டுவிட்டு, --யூஸ்-லிஸ்ட் ஆப்ஷனில் அந்த ஃபைலைக் கொடுத்தால் மீதி மட்டும் ரீஸ்டோர் ஆகும்.

அமைப்பு மட்டும்

கிரியேட்டிபி சோதனை_டிபி
பிஜி_ரீஸ்டோர் --ஸ்கீமா-ஒன்லி --நோ-ஓனர் --டிபிநேம்=சோதனை_டிபி சிம்போ.டம்ப்

--ஸ்கீமா-ஒன்லி என்றால் வரையறைகள் மட்டும் வரும், ஒரு வரி டேட்டாகூட வராது. --நோ-ஓனர் எதற்கு? சர்வரில் டேபிளின் உரிமையாளராக இருந்த யூசர் உங்க லேப்டாப்பில் இருக்கமாட்டார். அப்போ 'அப்படி ஒரு ரோல் இல்லை' என்று வரிசையாக எர்ரர் வரும். இந்த ஆப்ஷன் போட்டால் ரீஸ்டோர் செய்கிறவரே உரிமையாளர் ஆகிவிடுவார். அனுமதிகள் சம்பந்தமான வரிகளையும் தவிர்க்க --நோ-ப்ரிவிலேஜஸ் சேர்த்துக்கலாம்.

இன்னொன்று: யூசர்கள், அதாவது ரோல்கள், பிஜி_டம்ப் ஃபைலுக்குள் வருவதே இல்லை. அவை ஒரு டேட்டாபேஸுக்குச் சொந்தமானவை அல்ல, முழு சர்வருக்கும் பொதுவானவை. அவை வேணும்னா பிஜி_டம்ப்ஆல் கட்டளையை --குளோபல்ஸ்-ஒன்லி என்று தனியாக ஓட்டி எடுத்து வைக்கணும்.

மூன்று பகுதி

அமைப்பைப் போட்டுவிட்டு, பிறகு --டேட்டா-ஒன்லி கொடுத்து டேட்டாவை ஏற்றலாமே என்று தோன்றும். அங்கேதான் ஃபாரின் கீ குறுக்கே வரும். 'மாணவர்' டேபிள் நிரம்பும் முன்னாலேயே 'பதிவு' டேபிளில் வரிகள் ஏற ஆரம்பித்தால், 'இந்த மாணவர் யாரு?' என்று டேட்டாபேஸ் மறுத்துவிடும். இதற்காகவே --செக்‌ஷன் ஆப்ஷன் இருக்கு. ப்ரீ-டேட்டா என்பது டேபிள், வியூ, ஃபங்ஷன் போன்ற வரையறைகள். டேட்டா என்பது வரிகளும் சீக்வென்ஸ் எண்களும். போஸ்ட்-டேட்டா என்பது இண்டெக்ஸ், ட்ரிக்கர், ப்ரைமரி கீ, ஃபாரின் கீ. இந்த வரிசையில் மூன்று முறை ஓட்டினால் கீ சரிபார்ப்பு கடைசியில்தான் நடக்கும். ஒவ்வொரு வரிக்கும் இண்டெக்ஸைத் திருத்திக்கொண்டே இருக்கும் வேலையும் மிச்சம், அதனால் வேகமும் கூடும்.

சீக்வென்ஸ் பற்றிக் கொஞ்சம். பதிவு எண் தானாக ஏறுகிறதே, அதன் தற்போதைய மதிப்பு டேட்டா கணக்கில்தான் வரும். ஸ்கீமா மட்டும் ரீஸ்டோர் செய்தால் அது மறுபடி 1-இலிருந்து தொடங்கும். பிறகு பழைய வரிகளை சிஎஸ்வி ஃபைலில் இருந்து நீங்களே ஏற்றினால், அடுத்த புதுப் பதிவுக்கே 'இந்த எண் ஏற்கெனவே இருக்கு' என்று எர்ரர் அடிக்கும். செட்வால் ஃபங்ஷனால் அதைச் சரி செய்யணும்.

கை வைக்கும் முன் யோசிக்க வேண்டியவை

--கிளீன்: பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. பேக்கப்பில் உள்ள ஒவ்வொரு பொருளையும் டேட்டாபேஸில் முதலில் ட்ராப் செய்துவிட்டு, பிறகு உருவாக்கும். இதை --ஸ்கீமா-ஒன்லியோடு சேர்த்தால் என்ன ஆகும்? டேபிள் போகும், கூடவே அதில் இருந்த டேட்டாவும் போகும், கடைசியில் காலி டேபிள் வந்து நிற்கும். 'ஸ்கீமா மட்டும்தானே, டேட்டாவைத் தொடாது' என்ற நினைப்பு இங்கே முழுக்கத் தப்பு. கூட --இஃப்-எக்ஸிஸ்ட்ஸ் போடுவது, இல்லாத பொருளை ட்ராப் செய்யப்போய் வரும் எர்ரரைத் தடுக்க மட்டும்தான். அது பாதுகாப்பு இல்லை.

--கிரியேட்: இதைப் போட்டால் --டிபிநேமில் நீங்க சொன்ன டேட்டாபேஸ் முதல் இணைப்புக்கு மட்டும்தான். உண்மையில் ரீஸ்டோர் ஆவது பேக்கப்புக்குள் எழுதியிருக்கும் பெயரில். --கிளீனும் சேர்ந்தால் அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கும் டேட்டாபேஸ் முழுசா அழிந்துவிடும்.

--டேபிள்: 'பதிவு' டேபிள் மட்டும் போதும்னு இதைக் கொடுத்தால் டேபிள் வரும், அதன் இண்டெக்ஸ் வராது. அதற்கு முன்னால் சொன்ன லிஸ்ட் வழிதான் நல்லது.

பிஜி_ரீஸ்டோர் இயல்பாகவே எர்ரர் வந்தாலும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் இத்தனை எர்ரர் என்று எண்ணிக்கை மட்டும் சொல்லும். --சிங்கிள்-ட்ரான்ஸாக்‌ஷன் போட்டால் ஒன்று எல்லாமே ஆகும், இல்லை எதுவுமே ஆகாது. ஆனா இதையும் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் --ஜாப்ஸ் ஆப்ஷனையும் சேர்த்துப் போட முடியாது.

சந்தேகம் இருந்தால் ஒரு வழி இருக்கு. --டிபிநேமுக்குப் பதிலா --ஃபைல் கொடுங்க. எதுவும் ஓடாது, ஓட இருக்கும் எஸ்கியூஎல் வரிகள் ஒரு ஃபைலில் வந்து விழும். அதில் 'ட்ராப்' என்ற சொல்லைத் தேடிப் பார்த்தாலே பாதி விபத்து தவிரும்.

இவ்வளவு கவனம் தேவையா?

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், இரண்டாம் சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால், சேமிப்பு இடம் காலியாக இருந்தது. சர்வரில் இருந்தது போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்க ஓடியதோ 9.2 பதிப்பின் பிஜி_டம்ப். பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுப்போயிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக சுமார் 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்தின் டேட்டா திரும்பவில்லை. நடந்ததை எல்லாம் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். தேடிப் படிச்சுப் பாருங்க.

ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது என்பதுதான் அதில் நமக்கான பாடம். அதனால் இன்னைக்கே உங்க ப்ராஜெக்ட் டேட்டாபேஸை ஒரு டம்ப் எடுங்க. காலியா ஒரு சோதனை டேட்டாபேஸ் உருவாக்கி, முதலில் லிஸ்ட், அடுத்து ஸ்கீமா மட்டும், பிறகு அதை அழித்துவிட்டு மூன்று பகுதியாக முழு ரீஸ்டோர் என்று வரிசையா செய்து பாருங்க. டேட்டா ஏறியதும் 'அனலைஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்க, இல்லைன்னா குவெரிகள் கொஞ்ச நேரம் தடுமாறும். இரண்டு பக்கமும் டேபிள் எண்ணிக்கை, வரி எண்ணிக்கை ஒத்துப்போகுதா என்று சரிபார்த்தால் வேலை முடிந்தது. சின்ன டேட்டாபேஸ்னா அரை மணி நேரம்கூட ஆகாது.