கிட்டாரை விட்டுவிட வேண்டுமா, டாக்டர்?

கைவலிக்காக எங்கள் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்கு வருவோரில் எலெக்ட்ரிக் கிட்டார் பயில்பவர்களும் இருக்கிறார்கள். மாணவர்கள் பெற்றோருடன் வருகிறார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு ஆசையோடு கற்கத் தொடங்கியவர்கள் தனியே வருகிறார்கள். பரிசோதனை முடிந்ததும் அநேகமாக எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கிட்டாரை விட்டுவிட வேண்டுமா, டாக்டர்?" பெற்றோர் சிலர் அதைக் கேட்பதுகூட இல்லை. கிட்டாரை உறையில் இட்டுப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருகிறார்கள்.

பெரும்பாலோருக்கு எங்கள் விடை இதுவே: விட வேண்டியதில்லை, பயிலும் முறையை மாற்ற வேண்டும். வலிக்குக் காரணம் பெரும்பாலும் கருவி அன்று. கையைத் தயார்ப்படுத்தாமல் தொடங்குவதும், தேவைக்கு மிஞ்சிய இறுக்கத்தோடு நெடுநேரம் வாசிப்பதுமே காரணம். இவ்விரண்டையும் திருத்திக்கொள்ள முடியும்.

கைக்குள் நடப்பது என்ன?

விரல்களுக்குள் அவற்றை அசைக்கும் தசைகள் இல்லை. அவற்றை வலுவாக மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. நுட்பமான அசைவுகளுக்குரிய சிறு தசைகள் உள்ளங்கையில் இருக்கின்றன. முன்கைத் தசைகளின் இழுவிசையை விரல்களுக்குக் கொண்டுசெல்பவை கயிறு போன்ற தசைநாண்கள். மணிக்கட்டின் குறுகலான வழியில் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன. மணிக்கட்டை அதிகமாக மடக்கி வைத்துக்கொண்டு விரல்களை ஓயாது இயக்கினால் இவ்விடத்தில் அழுத்தம் கூடுகிறது. விரலில் வலி என்று வருபவரின் முன்கையை நாங்கள் அழுத்திப் பார்ப்பது இதனால்தான்.

ஆல்டர்னேட் பிக்கிங் என்பது பிக் எனப்படும் சிறு தகட்டால் தந்தியை ஒருமுறை கீழ்நோக்கியும் மறுமுறை மேல்நோக்கியும் மாறிமாறி மீட்டும் முறை. கீழ்நோக்கி மட்டுமே மீட்டினால், கை மேலே திரும்பும் பயணம் ஒலியின்றி வீணாகிறது. மாறிமாறி மீட்டும்போது இரு பயணங்களும் பயன்படுகின்றன. எனவே முறையாகச் செய்தால் இது கையின் உழைப்பைக் குறைக்கும் உத்தியே ஆகும்.

ஆனால் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 தட்டுகளில் வைத்து, ஒரு தட்டுக்கு நான்கு சுரங்கள் வாசித்தால், நிமிடத்திற்கு 240 மீட்டல்கள். இடைவிடாத அரை மணி நேரத்தில் அது 7,200 ஆகிறது. 120 தட்டுகளில் வாசித்தால் 14,400. ஒவ்வொரு மீட்டலிலும் சிறிதளவு தேவையற்ற இறுக்கம் இருந்தாலும், அது இத்தனை மடங்காகப் பெருகித் தசைநாண்களின் மீது விழுகிறது.

முதல் பத்து நிமிடங்கள்

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்தோ, நெடுநேரம் கைப்பேசியைப் பிடித்திருந்தோ நேராகக் கிட்டாரை எடுக்காதீர்கள். கைகள் சில்லென்றிருந்தால் வெதுவெதுப்பான நீரில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். நீரிழிவால் கைகளில் உணர்ச்சி குறைந்தவர்கள் நீரின் சூட்டை வீட்டார் ஒருவரைப் பார்க்கச் சொல்வது நல்லது. பின் தோள்களை மெதுவாகச் சுழற்றுங்கள். கைவிரல்களை விரித்து மடக்குங்கள். மணிக்கட்டை எல்லாத் திசைகளிலும் மென்மையாக அசையுங்கள். விரல்களைப் பின்னோக்கி வலிந்து வளைப்பதும் சொடுக்கு எடுப்பதும் தயாரிப்பு ஆகா.

அடுத்து, இடக்கைக்கு வேலை கொடுக்காமல், ஒரே ஒரு திறந்த தந்தியை இரண்டு நிமிடம் மேலும் கீழுமாக மெதுவாக மீட்டுங்கள். இரு மீட்டல்களும் ஒரே அளவு ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். தொடக்கத்தில் மேல்நோக்கிய மீட்டல் மெலிந்து ஒலிக்கும். அதை ஈடுகட்டப் பிக்கை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும்.

அதன்பின் இடக்கையின் நான்கு விரல்களையும் அடுத்தடுத்த நான்கு ஃப்ரெட்டுகளில் வைத்து, ஒரு விரலுக்கு ஒரு மீட்டல் என்று வாசியுங்கள். இப்பயிற்சியை முதல் ஃப்ரெட்டில் தொடங்காமல் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொடங்குமாறு சொல்கிறோம். அங்கே ஃப்ரெட்டுகளின் இடைவெளி குறுகியது. விரல்கள் அதிகம் விரிய வேண்டியதில்லை. 60 தட்டுகளில், ஒரு தட்டுக்கு இரண்டு சுரங்களே போதும்.

கர்நாடக இசை பயின்றவர்களுக்கு இது புதிதன்று. சரளி வரிசையை முதற்காலத்தில் பிசகின்றிப் பாடிய பின்பே அடுத்த காலத்திற்குச் செல்வார்கள். கிட்டாரில் ஒரேயடியாக இரட்டிப்பு வேகத்திற்குத் தாவாமல், ஒவ்வொரு படியிலும் நான்கைந்து தட்டுகள் மட்டும் கூட்டுங்கள். தோள் உயர்ந்தாலோ, மூச்சை அடக்கிக்கொண்டாலோ, தாடையைக் கடித்துக்கொண்டாலோ, அந்த வேகத்திற்கு உங்கள் கை இன்னும் தயாராகவில்லை என்று பொருள். ஒரு படி இறங்கிவிடுங்கள்.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது?

பிக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையில், நழுவாத அளவுக்கு மட்டும் பிடித்தால் போதும். அதன் நுனி சிறிதளவே வெளியே தெரியட்டும். அசைவு பெரும்பாலும் மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். முழங்கையை விறைத்துக்கொண்டு முழுக்கையையும் நடுங்கவைத்து வேகம் காட்டுவோர் விரைவில் களைத்துப் போகிறார்கள். ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்திக்குத் தாவும் இடத்தில் பலருடைய பிடி தம்மையறியாமல் இறுகுகிறது. அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து, பாதி வேகத்தில் பழகுங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியின் அளவைத் தீர்மானிப்பது ஆம்ப்ளிஃபயர். ஓங்கி அடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் வீட்டில் மற்றவர்கள் உறங்குகிறார்கள், படிக்கிறார்கள் என்று பலர் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே பயில்கிறார்கள். தம் வாசிப்பு தமக்கே கேட்காததால் தந்தியை மேலும் பலமாக அடிக்கிறார்கள். இடக்கையாலும் மேலும் பலமாக அழுத்துகிறார்கள். பிறருக்குத் தொந்தரவு தரக்கூடாதென்ற நல்லெண்ணமே கைவலியாக முடிகிறது. ஹெட்போன் பொருத்தக்கூடிய சிறு ஆம்ப்ளிஃபயர் இதற்குத் தீர்வு. அதிலும் ஒலியை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம் வரை 80 டெசிபல் என்பதே உலக சுகாதார நிறுவனம் கூறும் பாதுகாப்பான எல்லை.

கருவியின் அமைப்பையும் பாருங்கள். தோள்வாரைத் தாழ இறக்கிக் கிட்டாரைத் தொடையளவில் தொங்கவிட்டால் இடது மணிக்கட்டு மிகவும் வளைகிறது. வாரைச் சற்று உயர்த்துங்கள். அகலமான வார் தோளுக்கு நல்லது. தந்திகள் ஃப்ரெட்டிலிருந்து அதிக உயரத்தில் இருந்தால் கடையில் கொடுத்துச் சரிசெய்து, மெல்லிய தந்திகளாக மாற்றிக்கொள்ளலாம்.

மெல்லிய தந்திக்கு மாறுவதைத் தோல்வியாக எண்ண வேண்டாம். பிளாக் சாபத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி 1965இல், 17 வயதில், பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை விபத்தில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே. விரல்நுனிகளுக்குத் தாமே உறை செய்து மாட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பின்னாளில் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தினார். கருவியைக் கைக்கு ஏற்றபடி மாற்றிய பின்னரே உலகம் அறிந்த அவருடைய இசை பிறந்தது.

களைப்பு எது, நோய் எது?

வாசித்தபின் முன்கையில் தோன்றும் களைப்பு சில நிமிட ஓய்வில் நீங்கிவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. 20 முதல் 25 நிமிடத்திற்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கருவியைக் கீழே வைத்துவிடுங்கள். மறுநாள் காலையிலும் வலி இருந்தால் முந்தைய நாள் அளவு மிகுதி, குறைத்துக்கொள்ளுங்கள். வலிமாத்திரை விழுங்கிவிட்டுத் தொடர்ந்து வாசிப்பது மட்டும் கூடாது. அது எச்சரிக்கை மணியின் வாயைக் கட்டுவதாகும்.

பின்வருவன இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்: கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரலில் மரத்துப்போதல், குறிப்பாக இரவில் அதனால் விழித்துக்கொள்ளுதல், சுண்டுவிரலில் மரத்துப்போதல், மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு 'டக்'கென்று விடுபடுதல், மூட்டிலோ மணிக்கட்டிலோ வீக்கம், பிடியின் வலிமை குறைதல். நீரிழிவும் தைராய்டு சுரப்புக் குறைவும் உள்ளவர்களுக்கு இவற்றுள் சில எளிதில் வருகின்றன. ஆதலால் கிட்டாரை மட்டும் குற்றம் சொல்லாமல் இரத்தப் பரிசோதனையும் செய்கிறோம்.

வலியே இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்வதும், சொல் கேளாமல் போவதும் வேறு வகை. ஃபோக்கல் டிஸ்டோனியா என்னும் இந்நிலையில் கோளாறு விரலில் இல்லை, மூளை அசைவை ஆளும் முறையில் இருக்கிறது. அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃப்ளைஷரின் வலக்கையை 1960களில் முடக்கியது இதுவே. அவர் பல்லாண்டுகள் இடக்கைக்குரிய இசையை வாசித்தார். பின்னர் சிகிச்சையால் இரு கைகளாலும் மீண்டும் வாசித்தார். இதற்கு மேலும் கடுமையாகப் பயில்வது மருந்தன்று. அது நிலையை மோசமாக்கக்கூடும்.

குடும்பத்தாருக்கு

கிட்டாரைப் பறித்து வைத்தால் பிள்ளைகள் வலியை மறைக்கப் பழகிவிடுகிறார்கள். எங்களிடம் தாமதமாக வருபவர்களில் அத்தகையோரும் உண்டு. அதைவிட, "இன்று கை எப்படி இருக்கிறது?" என்று இயல்பாகக் கேளுங்கள். தேர்வுக் காலத்தில் நாள் முழுதும் எழுதிய கைக்கு அன்றிரவு வேகப் பயிற்சி வேண்டாமென்று சொல்லுங்கள். மேடை நிகழ்ச்சி நெருங்கும்போது பயிற்சி நேரம் திடீரென இரட்டிப்பாகிறதா என்று கவனியுங்கள். வலி தொடங்குவது பெரும்பாலும் அத்தகைய வாரங்களில்தான்.

சிகிச்சைக்குப்பின் திரும்பத் தொடங்குவோருக்கு, நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஐந்தைந்து நிமிடம் என்ற அளவிலேயே பெரும்பாலும் ஆரம்பிக்கிறோம். மறுநாள் காலை வலி இல்லையெனில் சிறிது கூட்டுகிறோம். உங்களுக்குரிய அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

ஒரு வேண்டுகோள். எங்களைப் பார்க்க வரும்போது கடந்த இரு வாரங்களில் எந்த நாளில் எவ்வளவு நேரம் வாசித்தீர்கள், எப்போது வலித்தது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். கிட்டாரையும் பிக்கையும் உடன் கொண்டுவாருங்கள். எக்ஸ்-ரே படத்தில் தெரியாதது பல வேளைகளில் நீங்கள் இரண்டு நிமிடம் வாசிப்பதைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிந்துவிடும்.