துருப்பிடித்த குண்டும் வெடிக்கும்: கண்டவுடன் செய்ய வேண்டியவை

கண்மாய் தூர்வாரும்போதும், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போதும், வெள்ளம் ஆற்றுமணலை அரித்துச் செல்லும்போதும், மண்ணுக்குள் பல காலம் கிடந்த இரும்புப் பொருள்கள் வெளிப்படுவதுண்டு. அவற்றுள் அரிதாகப் பழைய இராணுவக் குண்டும் இருக்கக்கூடும். அதனை எவ்வாறு அடையாளம் காண்பது, கண்டால் என்ன செய்வது, வெடித்துக் காயம் ஏற்பட்டால் மருத்துவமனை வந்து சேரும்வரை எவ்வாறு உதவுவது என்பதை நோயாளிகளின் குடும்பத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

நமக்கு அருகில் நிகழ்ந்தவை

2018 ஜூன் மாதம், இராமநாதபுரம் மாவட்டம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது, ஆயிரக்கணக்கான தோட்டாக்கள் அடங்கிய பெட்டிகள் கிடைத்தன. 2024 அக்டோபர் இறுதியில், திருச்சி மாவட்டம் அந்தநல்லூர் காவிரிக் கரையில் ராக்கெட் லாஞ்சர் குண்டு ஒன்று காணப்பட்டது. இரண்டு இடங்களிலும் காவல்துறைக்குத் தகவல் சென்றது. பொருள்கள் முறைப்படி அகற்றப்பட்டன.

நம் மாவட்டத்தின் லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ் உறவுகளுக்கு ‘ஷெல்’, ‘மிதிவெடி’ என்னும் சொற்கள் புதியவை அல்ல. அங்கே போர் 2009இல் முடிந்த பின்னரும், முகமாலை போன்ற பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. ஊர் திரும்பிப் பழைய காணியைத் துப்புரவு செய்ய எண்ணுவோர், அந்நிலம் பாதுகாப்பானது என அறிவிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பழையது என்பதால் பயமில்லையா?

‘இத்தனை ஆண்டு மழையில் நனைந்தது, இனி என்ன வெடிக்கப்போகிறது’ என்னும் எண்ணமே பெரும் ஆபத்து. குண்டினுள் உள்ள முதன்மை வெடிமருந்து, உறைக்குள் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கக்கூடியது. அதைத் தூண்டும் திரியமைப்போ துருப்பிடிக்கப்பிடிக்க நிலையற்றதாகிவிடும். சுடப்பட்டும் வெடிக்காமல் விழுந்த குண்டு இன்னும் கொடியது. அதன் திரி ஏற்கெனவே வெடிக்கத் தயாரான நிலையில் இருக்கும். சிறு அசைவோ தட்டலோ போதும். முதல் உலகப்போர்க் காலத்துக் குண்டு ஒன்று 2014ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் வெடித்து, கட்டுமானத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். அப்போது அக்குண்டின் வயது ஏறத்தாழ நூறு.

அடையாளங்கள்

பீரங்கிக் குண்டு, ஒரு முனை கூம்பிய கனத்த உருளையாக இருக்கும். அடிப்பகுதியை ஒட்டிச் செம்பு வளையம் ஒன்று காணப்படலாம். மோட்டார் குண்டுக்கும் ராக்கெட் குண்டுக்கும் பெரும்பாலும் வால்பகுதியில் இறக்கைகள் இருக்கும். கையெறி குண்டு எலுமிச்சையை அல்லது சிறு தகர டப்பாவை ஒத்திருக்கும். மண்ணும் துருவும் மூடிவிட்டால் இவை வெறும் குழாய்த்துண்டு போலவே தோன்றும். ஆகவே, ஐயம் எழுந்த அளவிலேயே குண்டு எனக் கருதி விலகுங்கள். உறுதி செய்துகொள்வதற்காக அருகில் செல்லவோ, மண்ணைத் துடைத்துப் பார்க்கவோ வேண்டாம்.

கண்டால் செய்ய வேண்டியவை

1. தொடாதீர்கள், தூக்காதீர்கள், தட்டாதீர்கள், கல்லெறியாதீர்கள். மண்வெட்டி, ஜேசிபி எதுவாயினும் வேலையை உடனே நிறுத்துங்கள்.
2. வந்த தடத்திலேயே திரும்புங்கள். அருகில் வேறு குண்டுகளும் புதைந்திருக்கலாம்.
3. சில நூறு மீட்டர் விலகி, சுவர் அல்லது மண்மேட்டின் மறைவில் நின்று, 100 அல்லது 112 எண்ணை அழையுங்கள். அருகில் சென்று படம் எடுக்க வேண்டாம்.
4. குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் அப்பக்கம் விடாதீர்கள்.
5. கிணற்றிலோ கண்மாயிலோ எறிவதும், நெருப்பிலிடுவதும், பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்வதும் கூடவே கூடாது. 2004ஆம் ஆண்டு காசியாபாத் அருகே எஃகு ஆலை ஒன்றில், பழைய இரும்போடு கலந்து வந்த குண்டுகள் வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

வெடித்துவிட்டால்

மேலும் குண்டுகள் இருக்கக்கூடும் என்பதால், உதவச் செல்வோர் தம் பாதுகாப்பை முதலில் கவனிக்க வேண்டும். உடனே 108 எண்ணை அழையுங்கள்.

இரத்தப்போக்கே முதலில் உயிரைப் பறிப்பது. சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, விடாமல் அழுத்துங்கள். கையிலோ காலிலோ அதற்கும் நிற்காவிடில், காயத்துக்குச் சற்று மேலே அகலமான துணியால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். காயத்தில் மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் இடாதீர்கள். உடலில் பாய்ந்துள்ள இரும்புத்துண்டைப் பிடுங்கக்கூடாது. அதுவே இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம். கண்ணில் காயமெனில், தேய்க்காமலும் கழுவாமலும், கண்ணின்மேல் படாதவாறு காகிதக் குவளை ஒன்றைக் கவிழ்த்து ஒட்டுங்கள். துண்டிக்கப்பட்ட விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து எடுத்து வாருங்கள். பனிக்கட்டி விரலை நேரடியாகத் தொடலாகாது. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால், உண்ணவோ குடிக்கவோ எதையும் தராதீர்கள்.

வெளிக்காயம் இல்லாதவரையும் மருத்துவமனைக்கு அழைத்து வருவது அவசியம். வெடிப்பின் காற்றழுத்தம் செவிப்பறையையும் நுரையீரலையும் குடலையும் தாக்கவல்லது. முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சுத்திணறலோ வயிற்றுவலியோ தோன்றக்கூடும். காது இரைந்தாலோ கேளாமற்போனாலோ எண்ணெய் விடாதீர்கள்.

உண்மையைச் சொல்லத் தயங்க வேண்டாம்

காவல்துறை வழக்கு வந்துவிடுமோ என அஞ்சி, ‘பட்டாசு வெடித்தது’, ‘அடுப்பு வெடித்தது’ எனக் கூறுவோர் உண்டு. எது வெடித்தது என்பதைப் பொறுத்தே உடலில் எங்கெங்கு இரும்புத்துண்டுகளைத் தேட வேண்டும், எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும் என நாங்கள் முடிவு செய்கிறோம். தவறான தகவல் நோயாளிக்கே கேடாகும். இத்தகைய காயங்களைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. எனினும் அதற்காகச் சிகிச்சை காத்திருக்காது. உயிர்காக்கும் சிகிச்சையே முதலில், நடைமுறைகள் பின்னர் என 1989ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் பர்மானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. குண்டு கிடப்பதைக் கண்டு தகவல் தருவதும் குற்றமன்று. அஞ்சி மறைத்து வைப்பதே பின்னர் உயிருக்கும் சட்டத்துக்கும் முன் சிக்கலைத் தரும்.

நூறு நாள் வேலைக்குச் செல்வோர், ஆடு மேய்ப்போர், பழைய இரும்பு சேகரிப்போர் உங்கள் வீட்டில் இருந்தால் இவற்றை இன்றே எடுத்துக் கூறுங்கள். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு மூன்று சொற்கள் போதும்: தொடாதே, விலகு, சொல்.