நிரற்கூறு ஏற்ற இடைமறிப்பு

நிரற்கூறு ஏற்ற இடைமறிப்பு என்பது, ஒரு நிரல் தனக்குத் தேவையான வேறொரு நிரற்கூற்றை ஏற்றும்போது, அக்கூற்றின் மூலநிரலை இடையில் தடுத்துப் பெற்று, மாற்றியமைத்து, அதன் பின்னரே இயக்கத்துக்கு அனுப்பும் நுட்பம் ஆகும். நிரற்கூறு என்பது பேச்சு வழக்கில் மாட்யூல் எனப்படும். பிற நிரல்கள் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தும் தனிக் கோப்பு என்று இதனைக் கொள்ளலாம். வட்டில் உள்ள கோப்பில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. ஆனால் கணினி இயக்குவது அக்கோப்பில் எழுதப்பட்டுள்ளதை அன்று. இந்நுட்பத்தின் பயனும் இடரும் இவ்வொன்றிலிருந்தே பிறக்கின்றன.

செயற்படும் முறை

பைத்தான் மொழியில் இந்நுட்பம் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு கூற்றை இறக்குமதி செய்யுமாறு நிரல் பணித்தால், அது முன்னரே ஏற்றப்பட்டுள்ளதா என்று முதலில் பார்க்கப்படும். ஏற்றப்பட்டிருப்பின் அதுவே மீண்டும் வழங்கப்படும். இல்லையெனில் ‘மெட்டா பாத்’ எனும் பட்டியலில் உள்ள தேடிகள் ஒவ்வொன்றிடமும் வரிசையாகக் கூற்றின் பெயர் கொடுக்கப்படும். தன்னால் இயலும் என்று கூறும் முதல் தேடி, அதற்குரிய ஏற்றியைச் சுட்டும். கோப்பைப் படிப்பது, படித்ததைப் பைட்குறியாக மாற்றுவது, அதனை இயக்குவது ஆகிய மூன்றும் ஏற்றியின் பணிகள். பட்டியலின் தலையில் தன் தேடியை நுழைத்துவிடும் ஒருவர், முதல் இரண்டு பணிகளுக்கும் இடையில் தாம் விரும்பும் மாற்றத்தைச் செய்துகொள்ளலாம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படும். இடைமறிப்பு நிறுவப்படுவதற்கு முன்பே ஏற்றப்பட்ட கூறுகளை அது தொடாது. அவ்வாறே, பயனர் நேரடியாக இயக்கும் முதன்மைக் கோப்பும் இறக்குமதி வழியே வருவதில்லை ஆதலால் மாற்றத்துக்கு உட்படாது. எனவே இடைமறிப்பை நிறுவிவிட்டு உண்மையான நிரலை அழைக்கும் சிறு தொடக்கக் கோப்பு ஒன்று பெரும்பாலும் தேவைப்படுகிறது.

வரலாறு

யுஸ்ட் வான் ரோசம், பால் மூர் ஆகியோர் 2002 டிசம்பரில் முன்வைத்த ‘பெப் 302’ எனும் முன்மொழிவு, 2003இல் வெளிவந்த பைத்தான் 2.3 பதிப்பில் இடம்பெற்றது. சுருக்கப்பட்ட சிப் கோப்புகளின் உள்ளிருந்து கூறுகளை ஏற்றும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. பைத்தான் 3.3 (2012) முதல் இறக்குமதி இயந்திரமே பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டதாயிற்று, 3.4 (2014) அதன் இடைமுகத்தைச் சீரமைத்தது. பழைய தேடிகளின் முறை 3.12 (2023) பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டதால், பழைய நூல்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் பல இன்று இயங்கா.

ஜாவாவில் 2004இன் ஐந்தாம் பதிப்பு முதல் இதனையொத்த வசதி உண்டு. எனினும் அங்கு மாற்றப்படுவது பைட்குறியே, மூலநிரல் அன்று. பெர்ல் மொழியின் மூல வடிகட்டிகள் இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியவை. டேமியன் கான்வே அவற்றைக் கொண்டு, பெர்ல் நிரல்களை இலத்தீனில் எழுதும் ‘பெர்லிகாட்டா’வை உருவாக்கினார். அதில் சொல்லின் இடம் அன்று, சொல்லின் ஈறே அதன் பணியை உணர்த்தும். வேற்றுமை உருபுகள் உடைய தமிழுக்கும் இது பொருந்தும் எனத் தோன்றலாம். ஆயின் ‘மரத்தை’ என்பதிலிருந்து ‘மரம்’ எனும் மாறியை மீட்கச் சாரியையும் புணர்ச்சியும் அறிந்த நிரல் வேண்டும்.

தமிழில் நிரலாக்கம்

2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3.0, மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழ்ப் பெயர் சூட்ட இடமளித்தது. எனினும் இஃப், எல்ஸ், வைல் முதலிய கட்டளைச்சொற்கள் ஆங்கிலமாகவே நின்றன. ஏற்றும் வேளையில் தமிழ்ச் சொற்களை இவற்றுக்கு மாற்றிவிட்டால், புதிய மொழி ஒன்றை முழுமையாக உருவாக்காமலே மாணவர் தமிழில் நிரல் எழுதலாம் என்பது இந்நுட்பத்தின் ஈர்ப்பு. இது எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

எழுத்துச்சரங்களைத் தேடி மாற்றும் எளிய வழி உடனே தோற்கும். ‘வரை’ என்பதைச் சுழற்சிக்குரிய கட்டளைச்சொல்லாகக் கொண்டால், “ஆவடி முதல் பூந்தமல்லி வரை” என்று பேருந்துத் தடத்தைக் காட்டும் சரமும் சிதையும். ‘ஆக’ என்பதை மாற்றினால் ‘ஆகஸ்டு’ கெடும். ‘முடி’யை மாற்றினால் ‘முடிவு’ கெடும். எனவே மூலநிரலை முதலில் சொற்கூறுகளாகப் பிரித்து, பெயர்களை மட்டுமே மாற்றவேண்டும்.

அங்கும் தமிழுக்கு ஒரு தடை இருந்தது. பைத்தான் 3.11 வரை அதன் சொற்பிரிப்பு நிரலகம், ‘எழுத்து’ எது என்பதைச் சுருங்குறித்தொடர் கொண்டே முடிவு செய்தது. அதன் கணக்கில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் எழுத்துகள் அல்ல. இதனால் ‘தமிழ்’ எனும் ஒரே சொல் தம, ழ என்று இரண்டு பெயர்களாக உடைந்து, அவற்றை அடுத்துள்ள குறிகள் பிழைகளாகக் காட்டப்பட்டன. இத்தனைக்கும் அதே பதிப்பின் உள் மொழிமாற்றி அச்சொல்லை முறையாக ஏற்றது! இலத்தீன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு இக்கணக்கு உதவாது என்று 2007இலேயே வழு பதியப்பட்டிருந்தது. பைத்தான் 3.12இல் சொற்பிரிப்பு நிரலகம் உள் மொழிமாற்றியையே பயன்படுத்தத் தொடங்கியபின் இத்தடை நீங்கியது.

அடுத்தது குறியேற்றச் சிக்கல். ‘பின்கொடு’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மாற்றும் நிரல் ஒப்பிடும் முன் பெயர்களை ஒரே வடிவுக்குக் கொண்டுவரவில்லையெனில், ஒரு விசைப்பலகையில் தட்டிய நிரல் இயங்கும், மற்றொன்றில் தட்டியது இயங்காது. தேடிக் களைவதற்கு மிகக் கடினமான வழு இது.

இவை அனைத்தையும் தீர்த்தபின் எஞ்சுவது சொல்வரிசை. ஆங்கிலத்தில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். தமிழில் பின்னே வரும். சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘ஆனால் எண் > 0’ என்று வரும். தொடரின் முதலில் நிற்கும் ‘ஆனால்’ நிபந்தனையை அன்று, முரணையே குறிக்கும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி இதனை வேறு வழியில் தீர்த்தது. எழில் பைத்தானில் எழுதப்பட்டதே எனினும் இறக்குமதியை இடைமறிப்பதன்று. தனக்கென்று சொற்பிரிப்பும் தொடரியலும் உடையது. அதில் நிபந்தனை முன்னும் கட்டளைச்சொல் பின்னும் வரும்:

@( எண் > 0 ) ஆனால்
    பதிப்பி "நேர் எண்"
முடி

இடைமறிப்பு நிரலும் இவ்வாறு சொற்களை இடம் மாற்றலாம். ஆனால் நிபந்தனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அறியும் அளவுக்குத் தொடரியலைக் கற்றுக்கொண்டபின், அது சிறு நிரலாக இராது.

வரி எண்களும் பதுக்கமும்

மாற்றத்துக்குப் பின் வரிகளின் எண்ணிக்கை கூடினால் அல்லது குறைந்தால், பிழைச்செய்தி தவறான வரியைச் சுட்டும். செய்தியில் காட்டப்படும் வரி பழைய கோப்பிலிருந்தும், வரி எண் மாற்றிய நிரலிலிருந்தும் எடுக்கப்படுவதே காரணம். பைத்தான் 3.11 (2022) முதல் வரிக்குள் பிழை நேர்ந்த இடமும் அடிக்குறியிட்டுக் காட்டப்படுவதால், நீளம் வேறுபடும் சொல்மாற்றமும் அக்குறியை நகர்த்திவிடும். செய்தியின் மொழியோ ஆங்கிலமாகவே இருக்கும். தமிழில் எழுதிய மாணவர், தாம் எழுதாத சொல்லைப் பற்றிய ஆங்கில முறையீட்டைப் படிக்க நேரிடும். தொடக்கநிலைக் கல்விக்கு இதுவே இந்நுட்பத்தின் பெருங்குறை எனலாம்.

பைத்தான் பைட்குறியைத் தனிக் கோப்பாகப் பதுக்கி வைக்கும் வழக்கமுடையது. மூலக்கோப்பின் நேரமும் அளவும் மாறாதவரை பதுக்கிய வடிவே பயன்படும். ஆகவே மாற்றும் நிரலைத் திருத்தினாலும் பழைய விளைவே தொடரக்கூடும். ‘பைடெஸ்ட்’ எனும் சோதனைக் கருவி, சோதனைக் கோப்புகளின் உறுதிக்கூற்றுகளை ஏற்றும்போது மாற்றியமைத்து, தோல்வியில் இரு பக்க மதிப்புகளையும் காட்டுகிறது. அது உரையை அன்றித் தொடரியல் மரத்தையே மாற்றுவதால் வரி எண்கள் பிறழ்வதில்லை. தன் பதிப்பெண்ணைக் கோப்புப் பெயரில் சேர்த்து மாற்றிய பைட்குறியைத் தனியே பதுக்குவதால், கருவி புதுப்பிக்கப்பட்டதும் பழையது கைவிடப்படுகிறது.