பூல் ஆட்டமும் தொலைக்காட்சி வருணனையும்

வானொலியில் ஒரு விளையாட்டின் நேர்முக வருணனையைக் கேட்கும்போது, கூறுவோரின் நாவே நமக்குக் கண்ணாகின்றது. பந்து எங்கே சென்றது, கூட்டம் ஏன் ஆரவாரித்தது என்பனவெல்லாம் அவர் சொன்னாலன்றி நமக்குத் தெரியா. தொலைக்காட்சியிலோ, அவர் வாய் திறக்குமுன்னரே நாம் காட்சியைக் கண்டுவிடுகின்றோம். அவ்வாறாயின் வருணனையாளருக்கு அங்கே என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு, மேசைமேல் ஆடப்படும் பூல் ஆட்டம் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தொழில்முறை ஆட்டக்காரர் பெரிதும் ஆடும் வகைகளுள் ஒன்று 'ஒன்பது பந்து' என்பது. ஒன்பதடி நீளமும் நாலரை அடி அகலமும் கொண்ட மேசை. அதன் ஓரங்களில் ஆறு பைகள். 1 முதல் 9 வரை இலக்கமிட்ட பந்துகள். ஆட்டக்காரர் தம் கோலினால் வெண்பந்தை அடிப்பார். அது, மேசையில் எஞ்சியுள்ளவற்றுள் மிகக் குறைந்த இலக்கமுடைய பந்தையே முதலில் தொடுதல் வேண்டும். 9ஆம் பந்தை முறைப்படி பையில் வீழ்த்தியவர் அச்சுற்றில் வென்றவராவர்.

இவ்வாட்டத்தில் ஒரு விந்தை உண்டு. வல்லவர் ஆடும்போது ஒவ்வோர் அடியும் எளிதாகவே தோன்றும். பந்து பைக்கு நேரே நிற்கும், அவர் தட்டுவார், அது வீழும். 'இதனை நானும் செய்வேனே' என்று பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் அவ்வெளிமை தானாக வந்ததன்று. முந்திய அடியிலேயே, வெண்பந்தை நடுவுக்குக் கீழே அடித்துப் பின்வாங்கச் செய்தோ, மேலே அடித்து முன்செல்ல விட்டோ, பக்கத்தில் அடித்து மேசையோரத்தில் மோதித் திரும்பும் கோணத்தை மாற்றியோ, அடுத்த பந்துக்கு ஏற்ற இடத்தில் அதனை நிறுத்திவைத்தார் அவர். கலை, வீழும் பந்தில் அன்று. நிற்கும் பந்திலேயே இருக்கின்றது. கமரா இதனைக் காட்டும், உணர்த்தாது.

ஆகவே, 'அழகான அடி! பந்து வீழ்ந்தது!' என்று மட்டும் கூறுபவர் ஒன்றும் கூறாதவரே. நல்ல வருணனையாளர் அடிக்கு முன்னரே பேசுவார். '3ஆம் பந்து வீழ்வது எளிது; ஆனால் வெண்பந்து 4ஆம் பந்தின் இடப்புறத்தே நின்றால்தான் 5ஆம் பந்துக்கு வழியுண்டு' என்பார். அடித்த பின்னர் நாமே மதிப்பிட வல்லவராகின்றோம். வெண்பந்து ஓரடி மிகுதியாக உருண்டுவிட்டதாயின், கூட்டம் கைதட்டும் வேளையிலும் 'பிழை நேர்ந்துவிட்டது' என்று துணிந்து கூறுவதும் அவர் கடனாகும்.

இதற்கு ஆட்டமறிந்தவர் வேண்டும். அமெரிக்க ஆட்டக்காரரான பேட் ஃபிளெமிங் 1980களில் நிறுவிய அக்யூ-ஸ்டாட்ஸ் நிறுவனம், தன் ஒளிப்பதிவுகளுக்குக் கிரேடி மாத்தியூஸ், பில் இன்கார்டோனா போன்ற தேர்ந்த ஆட்டக்காரரை வருணனைக்கு அமர்த்தியது. எனினும் அறிஞர்க்கும் ஒரு குறையுண்டு. தமக்குப் பழகிய குழூஉக்குறிகளையே பேசி, புதியவரை வாயிலில் நிறுத்திவிடல் கூடும். அதனாலேயே ஒலிபரப்புப் பயின்ற ஒருவரும் ஆட்டக்காரர் ஒருவரும் இணைந்து பேசுதல் நலம்.

இன்னொரு பண்பு மௌனம். பூலுக்கு உறவான ஸ்நூக்கர் ஆட்டத்தில், பி.பி.சி.யின் டெட் லோ தாழ்ந்த குரலுக்கும் சொற்செட்டுக்கும் பேர்பெற்றவர். 1985இல் ஷெஃபீல்ட் நகரில் நடைபெற்ற உலகப் போட்டியின் இறுதியாட்டத்தை, நள்ளிரவு கடந்தும் 1 கோடியே 85 இலட்சம் பேர் பார்த்திருந்தனர். ஸ்டீவ் டேவிஸும் டெனிஸ் டெய்லரும் 17க்கு 17 எனச் சமநிலையில் நிற்க, கடைசிக் கறுப்புப் பந்தே வெற்றியைத் தீர்மானிப்பதாயிற்று. டேவிஸ் அதனைத் தவறவிட்டார், டெய்லர் வீழ்த்தினார். அத்தகைய கணத்தில் விளக்கம் எதற்கு? மேசையே பேசும்போது மனிதர் அடங்கியிருத்தலே அழகு.

பாடசாலையிற் பல்லாண்டு கழித்த எனக்கு இது புதிய பாடமன்று. கரும்பலகையில் உள்ளதை உரக்க வாசிப்பவர் ஆசிரியராகார். மாணவன் கண்டும் காணாததைச் சுட்டிக்காட்டி, அவன் தானே சிந்திக்கும்போது ஒதுங்கி நிற்பவரே ஆசிரியர். வருணனையாளர்க்கும் இலக்கணம் அதுவே. அவர் தம் பணியிற் தவறுவாராயின், அரிய கலையொன்று எளிய பொழுதுபோக்காகத் தோன்றி மறையும். உழைத்து ஆடியவருக்கு உரிய மதிப்பும் கிட்டாது போகும்.